உப்புக் காற்றில் ஒரு தொட்டிக் கொல்லை

தரங்கம்பாடியில் நர்சரி ரோஜா வாங்கி வைத்தவர்களைக் கேட்டால் பெரும்பாலும் ஒரே கதைதான் வரும். வண்டியில் வந்து இறங்கும்போது மொட்டும் பூவுமாக இருந்த செடி, மாதம் ஒன்று ஆவதற்குள் இலை ஓரமெல்லாம் தீய்ந்து குச்சியாக நிற்கும். உரம் போதவில்லை என்று உரம் வைப்பார்கள். தண்ணீர் போதவில்லை என்று இரண்டு வேளை ஊற்றுவார்கள். அதன் பிறகு அது இன்னும் சீக்கிரம் போய்ச் சேரும்.

கடல் அங்கே கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. காற்றில் வரும் உப்பு இலையில் படிந்து ஈரத்தை இழுக்கிறது. கிணறோ ஆழ்குழாயோ உவர்ப்பாக இருந்தால், ஊற்றுகிற தண்ணீரே வேரடியில் உப்பைச் சேர்த்துவிடும். ரசாயன உரமும் உப்புதானே? எனவே கூடுதலாக வைக்கிற ஒவ்வொரு பிடியும் எரிகிற நெருப்பில் எண்ணெய். தோண்டினால் மணல். ஊற்றிய தண்ணீர் நிற்காது, போட்ட எருவும் நிற்காது.

போதாததற்கு இடப் பஞ்சம். கோட்டைப் பக்கத்துப் பழைய தெருக்களில் வீடுகள் சுவரோடு சுவராக ஒட்டி நிற்கின்றன. தட்டாரத் தெரு போன்ற இடங்களில் ஒரு திண்ணை, ஒரு முற்றம், பின்கட்டில் கையகலம் வெளி, அவ்வளவுதான். ஊருக்கு உள்ளே தள்ளிக் கட்டிய மீனவர் குடியிருப்புகளில் வாசலுக்கும் தெருவுக்கும் நடுவே சின்ன ஒரு பட்டை நிலம். இந்த ஊரில் தோட்டம் என்றால் அது தொட்டித் தோட்டம்தான்.

இப்போது பலருக்கும் ஓர் ஆசை வந்திருக்கிறது. கைப்பேசித் திரையில் பார்த்த ‘காட்டேஜ் கார்டன்’. கல் வீடு, கதவைச் சுற்றி ஏறிய ரோஜாக் கொடி, வழிநடை இரண்டு பக்கமும் பொங்கி வழியும் பூ. அதைத் தொட்டியில் கொண்டுவர முடியுமா என்று நர்சரிக்காரரிடம் கேட்கிறார்கள். அவரும் பெங்களூரிலிருந்தோ ஓசூரிலிருந்தோ வந்த பெட்டூனியாவை எடுத்துக் கொடுக்கிறார். பங்குனி வெயில் அதைப் பார்த்துக்கொள்ளும்.

ஆசையில் தப்பில்லை, கொடுக்கிற செடியில்தான் தப்பு. இங்கிலாந்துக் கிராமத்துக் கூலிக்காரர் வீட்டுத் தோட்டம் அழகுக்காகப் பிறந்தது அல்ல. முட்டைக்கோஸ், வெங்காயம், மூலிகை, இரண்டு தேன்கூடு, ஒரு பழமரம். இவற்றுக்கு நடுவே கிடைத்த இடுக்கில் பூ. வயிற்றுப்பாட்டுக்கு வைத்த தோட்டம் அது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பின்பாதியில் ஹெலன் அலிங்ஹாம் போன்ற ஓவியர்கள் அதை அழகழகாகத் தீட்டினார்கள். கெர்ட்ரூட் ஜீக்கில் போன்ற தோட்டக் கலைஞர்கள் பணக்கார வீட்டுத் தோட்டங்களுக்கு அதன் சாயலை எடுத்துப் போனார்கள். நாம் திரையில் பார்ப்பது அந்த இரண்டாவது தலைமுறைத் தோட்டத்தை. மூலத்தைப் பார்த்திருந்தால் நம் பாட்டிகள் சிரித்திருப்பார்கள், அவர்கள் வீட்டிலும் இதேதான் இருந்தது: கறிவேப்பிலை, முருங்கை, நாலு வாழை, துளசி மாடம், அதைச் சுற்றிக் கனகாம்பரம், சுவரோரம் அவரைப் பந்தல், கழனித் தண்ணீர் விழுகிற இடத்தில் கற்பூரவல்லி. காவிரி டெல்டாவில் அதற்குக் கொல்லை என்று பெயர்.

ஆகவே தரங்கம்பாடிக்காரர் செய்ய வேண்டியது இங்கிலாந்துத் தோட்டத்தின் தோற்றத்தைக் கடன் வாங்குவது அல்ல. கொல்லையைத் தொட்டிக்குள் குடியேற்றுவதுதான். அதற்கு இந்த ஊரை விடப் பொருத்தமான ஊர் கிடையாது என்பது என் கட்சி. காரணம் சொல்கிறேன்.

கறிவேப்பிலைக்கு வந்த பெயர்

கோட்டையைப் பார்க்க வருகிறவர்களுக்கு 1620 தெரியும். தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் ஒப்பந்தம் போட்டு டென்மார்க்காரர்கள் டேன்ஸ்போர்க் கோட்டையைக் கட்டத் தொடங்கிய ஆண்டு. மிஷனரி சீகன்பால்கு தெரியும், அவருடைய அச்சுக்கூடம் தெரியும். இந்தியத் தாவரவியலில் இந்த ஊருக்கு இருக்கிற இடம் மட்டும் பலருக்குத் தெரியாது. வழிகாட்டிகளும் அதைச் சொல்வதில்லை.

1768-ல் ஜோஹான் கெர்ஹார்ட் கோனிக் என்ற மருத்துவர் தரங்கம்பாடி மிஷனுக்கு வைத்தியம் பார்க்க வந்து சேர்ந்தார். ஸ்வீடன் அறிஞர் லின்னேயஸிடம் பாடம் கேட்டவர். செடி ஒவ்வொன்றுக்கும் இரண்டு சொல்லில் பெயர் வைக்கும் முறையை லின்னேயஸ் 1753-ல்தான் தாவரங்களுக்கு முழுமையாக நடைமுறைப்படுத்தியிருந்தார். அந்த முறையை இந்திய மண்ணில் முதலில் கையாண்டவராகக் கோனிக்கைச் சொல்கிறார்கள். கடற்கரையிலும் வயல் வரப்பிலும் சேகரித்ததை அவர் குருவுக்கு அனுப்பிக்கொண்டே இருந்தார். 1771-ல் லின்னேயஸ் நம் கறிவேப்பிலைக்குச் சீடன் பெயரையே சூட்டினார்: பெர்கெரா கோனிகி. பின்னால் முர்ரயா கோனிகி என்று மாற்றினார்கள். இப்போது தாவரவியலாளர்கள் பழைய பெயருக்கே திரும்பியிருக்கிறார்கள். எப்படி மாற்றினாலும் கோனிக் மட்டும் கூடவே வருகிறார். ரசத்தில் தாளிக்கிற இலை தரங்கம்பாடி வைத்தியரின் பெயரைச் சுமக்கிறது என்பதை அந்த ஊர்க்காரர்கள் கொஞ்சம் பெருமையாகவே சொல்லிக்கொள்ளலாம்.

கோனிக்கைச் சுற்றி ஒரு செடிப் பைத்தியக் கூட்டமே சேர்ந்தது. மிஷனரி கிறிஸ்டோஃப் ஜான், 1776-ல் வந்த ராட்லர், தரங்கம்பாடியிலேயே பிறந்த மருத்துவர் க்ளைன், பிறகு பெஞ்சமின் ஹெய்னே. தமிழ் அகராதிக்காக நாம் அறிந்த அதே ராட்லர்தான். ‘ஐக்கிய சகோதரர்கள்’ என்று பெயர் வைத்துக்கொண்டு செடிகளையும் விதைகளையும் தங்களுக்குள் பரிமாறிக்கொண்டார்கள். கூடிப் பேசி வைத்த பெயருக்குப் பின்னால் தனி ஆளின் பெயரைப் போடாமல் ‘நாங்கள்’ என்று பொருள்படும் லத்தீன் சொல்லைப் போட்டார்களாம். பக்கத்து வீட்டிலிருந்து கனகாம்பரக் கன்று கேட்டு வாங்குகிற நம் ஊர்ப் பழக்கத்தைக் கொஞ்சம் சட்டதிட்டத்தோடு செய்தவர்கள் என்று வைத்துக்கொள்ளலாம்.

இதற்கு முன்பே, 1760-ல், மொரேவிய சகோதரர்கள் என்ற இன்னொரு கிறிஸ்தவக் குழுவினர் வந்தார்கள். நிக்கோபார் தீவுகளில் குடியேறுவதுதான் அவர்கள் எண்ணம். தங்கி நின்றது தரங்கம்பாடிக்கு வெளியே, பொறையார்ப் பக்கம் வாங்கிய நிலத்தில். அந்தக் குடியிருப்புக்கே ‘சகோதரர் தோட்டம்’ என்று பெயர். கைத்தொழிலும் தோட்டமும் நடத்தினார்கள், செடி கொடி சிப்பிகளைச் சேகரித்து ஐரோப்பாவுக்கு அனுப்பினார்கள். 1803 வரை அது நீடித்தது.

அந்தக் காலத்தில் செடி கடல் கடப்பது லேசான காரியம் இல்லை. சீகன்பால்கு 1705 நவம்பர் கடைசியில் கப்பல் ஏறி 1706 ஜூலை 9-ல்தான் இங்கே இறங்கினார். ஏழு மாதத்துக்கு மேல். செடியும் அத்தனை நாள் பீப்பாயிலோ மரப்பெட்டியிலோ இருந்தாக வேண்டும். குடிக்கவே தண்ணீர் அளந்து கொடுக்கிற கப்பலில் செடிக்கு யார் ஊற்றுவது? அதை விடப் பெரிய எதிரி உப்புத் துளி. ஜான் எல்லிஸ் என்ற ஆங்கிலேயர் 1770-ல் இதற்கென்றே ஒரு கையேடு வெளியிட்டார்: என்ன மாதிரிப் பெட்டி, எப்படி மூடுவது, விதையை எப்படிப் பொதிவது. 1833-ல் லண்டன் மருத்துவர் நத்தானியேல் வார்ட் கண்ணாடிப் பெட்டிக்குள் அடைத்துச் சிட்னிக்கு அனுப்பிய செடிகள் உயிரோடு போய்ச் சேர்ந்த பிறகுதான் நிலைமை மாறியது. தொட்டிச் செடிக்குக் கொஞ்சம் மண், கொஞ்சம் தண்ணீர், நிறைய உப்பு. கப்பல்காரர்களின் அதே மூன்று பிரச்சினைகள்தான் இன்றைக்குத் தரங்கம்பாடித் திண்ணையிலும்.

நம் கொல்லைச் செடிகளில் பாதி அப்படிக் கடல் தாண்டி வந்தவையே. அந்திமந்தாரையும் பட்டு ரோஜாவும் தென்னமெரிக்கா. நிலச்சம்பங்கி மெக்சிகோ. நித்யகல்யாணி மடகாஸ்கர். சுடுகாட்டு மல்லி என்று சொல்லி அதை வீட்டில் வைக்கத் தயங்குகிறவர்கள் உண்டு. ரத்தப் புற்றுநோய்க்கான வின்கிறிஸ்டின் அதிலிருந்துதான் எடுக்கப்படுகிறது என்று சொன்னாலும் சில மாமியார்கள் அசைவதில்லை. எதிர்த்திசையில், நம் நாட்டுக் காசித்தும்பை ஐரோப்பாவுக்குப் போய் அங்குள்ள குடிசைத் தோட்டங்களில் ஓர் அங்கமாகவே ஆகிவிட்டது. எனவே ‘இங்கிலாந்து மாதிரி வேண்டும்’ என்று கேட்கிறவர் காசித்தும்பையை வைத்தால் அந்த ஆசை தீர்ந்தது.

சுனாமிக்குப் பிறகு

2004 டிசம்பர் 26. அன்றைய நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். தரங்கம்பாடி அப்போது அந்த மாவட்டத்தில்தான் இருந்தது. அதன் பிறகு இங்கும் பக்கத்துச் சின்னங்குடியிலும் மீனவர்களுக்குத் தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு வீடுகள் கட்டியது, கட்டடக் கலைஞர் பென்னி குரியகோஸின் வழிகாட்டலில். தமிழகக் கடற்கரையில் எழுந்த மறுவாழ்வுக் குடியிருப்புகள் பலவற்றைப் பற்றி ஆய்வாளர்கள் ஒரு குறையைப் பதிவு செய்திருக்கிறார்கள்: இருந்த மரங்களை வெட்டிச் சமன்செய்த பிறகுதான் வீடு எழும்பியது. நிழலில் உட்கார்ந்து வலை பின்னிப் பழகிய சனத்துக்கு அது சின்ன இழப்பு அல்ல. வீடு கிடைத்தது, கொல்லை போனது. இத்தகைய குடியிருப்புகளில் வாசலோரம் ஓட்டைக் குடத்திலும் பெயிண்ட் வாளியிலும் செடி நிற்பதைப் பார்த்தால் அதை வெறும் பொழுதுபோக்காக நினைக்க எனக்குத் தோன்றுவதில்லை.

கடல் நீர் ஏறிய வயல்களை நாகைப் பகுதி விவசாயிகள் மீட்ட விதத்தில் தொட்டிக்காரர்களுக்கும் ஒரு பாடம் உண்டு. இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் அங்கேயே இருந்து வழிகாட்டினார். வரப்பைக் கட்டி மழைநீரைத் தேக்கி உப்பைக் கரைத்து வெளியேற்றினார்கள். தக்கைப்பூண்டை விதைத்து மடக்கி உழுதார்கள். அதாவது ஒன்று, நல்ல தண்ணீரால் கழுவு. இரண்டு, மட்கைச் சேர். தொட்டியில் இரண்டும் இன்னும் சுலபம்.

மண், உப்பு, மீன்

தொட்டி எது என்பதில் ஆரம்பிக்கலாம். கறுப்பு க்ரோ பேக் மலிவு, ஆனால் சித்திரை வெயிலில் வேரை வேகவைத்துவிடும். வெளிப்பக்கம் சுண்ணாம்பு அடித்த பழைய சாக்கைச் சுற்றிவிடுங்கள். மண்தொட்டி மூச்சு விடும், ஆனால் கடற்காற்றில் சீக்கிரம் காயும். அதன் வெளிப்புறத்தில் வெள்ளையாகப் பூத்திருந்தால் உங்கள் தண்ணீரில் உப்பு இருக்கிறது என்று அர்த்தம். மீன் ஐஸ் வைக்கிற தெர்மாகோல் பெட்டி சூட்டைத் தடுப்பதில் எல்லாவற்றையும் விட மேல். அடியில் துளை போட்டு உள்ளே உரச்சாக்கு விரித்தால் கீரைக்கும் கொத்தமல்லிக்கும் காசித்தும்பைக்கும் அருமையான பாத்தி. ஒரே நிபந்தனை: உடைந்து உதிர ஆரம்பித்தால் உடனே எடுத்துவிட வேண்டும். அந்த வெள்ளைப் பொடி காற்றோடு போய்க் கடலில்தான் விழும். கறிவேப்பிலை, செம்பருத்தி போன்ற பெரியவற்றுக்கு 200 லிட்டர் டிரம்மைப் பாதியாக வெட்டிக்கொள்ளுங்கள்.

மண் கலவைக்குக் கடல் மணல் கூடாது. செம்மணோ வண்டலோ ஒரு பங்கு, மட்கிய எரு ஒரு பங்கு, தென்னை நார்க்கழிவு ஒரு பங்கு. நார்க்கழிவிலும் உப்பு இருக்கும். கட்டியை ஊறவைத்து, இரண்டு மூன்று முறை தண்ணீர் மாற்றிப் பிழிந்த பிறகே சேர்க்கவும். அரிசி ஆலைகளில் கிடைக்கும் கருக்கிய உமியை ஒரு கை சேர்த்தால் மண் இறுகாது. மாடியில் வைப்பதாக இருந்தால் கனத்தை யோசியுங்கள். ஒரு கன அடி ஈர மண் ஏறத்தாழ ஐம்பது கிலோ. ஓட்டு வீட்டின் மேல் பேச்சே வேண்டாம், பழைய தளமாக இருந்தாலும் பொறியாளரைக் கேட்காமல் ஏற்ற வேண்டாம்.

உப்பைக் கழுவுவதுதான் இங்கே முதல் வேலை, உரம் அல்ல. காற்று பலமாக அடித்த மறுநாள் காலை நல்ல தண்ணீரை இலைமேல் தெளியுங்கள். மாதம் ஒரு முறை தொட்டி நிறைய, அடித்துளை வழியே தாராளமாக ஓடுகிற வரை ஊற்றுங்கள். இதற்கு மழைநீரே மேல். தமிழ்நாட்டில் 2003 முதல் மழைநீர்ச் சேகரிப்பு எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயம். அதில் ஒரு குழாயைத் தொட்டிகளுக்கென்று ஒரு டிரம்மில் திருப்பிவிட்டால் போதும். ஐப்பசியும் கார்த்திகையும் இந்த வேலையைத் தாங்களே பார்த்துக்கொள்ளும். அப்போது தொட்டிகளைச் செங்கல் மேல் தூக்கி வைத்து வடிகாலை மட்டும் கவனித்தால் சரி.

தரங்கம்பாடியில் உரத்துக்கு அலைய வேண்டியதில்லை. மீன் கழிவும் வெல்லமும் சம எடை, காற்றுப் புகாத டப்பாவில் மூன்று வாரத்துக்கு மேல் வைத்தால் மீன் அமிலம். லிட்டர் தண்ணீருக்குப் பத்து மில்லி. பறித்துச் சாப்பிடுகிற கீரைமேல் அடிக்காமல் மண்ணில் ஊற்றுங்கள். கருவாடு கழுவிய தண்ணீரை மட்டும் மறந்தும் ஊற்றிவிடாதீர்கள். அது முழுக்க உப்பு.

கதம்பக் கணக்கு

எந்தச் செடியை எதோடு வைப்பது? வண்ணச் சக்கரம், உயர அட்டவணை என்று புத்தகங்கள் மிரட்டும். தஞ்சாவூர்க் கதம்பத்தை நினைத்துக்கொண்டால் போதும். நாரில் மல்லிக்குப் பக்கத்தில் கனகாம்பரம், அதற்குப் பக்கத்தில் மருக்கொழுந்து. வெள்ளை, ஆரஞ்சு, பச்சை, வாசம். வெள்ளிக்கிழமை ஒரு முழம் கதம்பத்துக்குப் பூப் பறிக்கிற மாதிரி தொட்டிகளைச் சேர்த்துவிட்டால், குடிசைத் தோட்டத்தின் நெரிசலும் நிறக்கலவையும் தானாக வந்துவிடும்.

காற்று வருகிற பக்கம் முதலில் தடுப்பு. நொச்சி, காகிதப்பூ, செம்பருத்தி. அரளியும் உப்பைத் தாங்கும். அதன் எல்லாப் பாகமும் நஞ்சு என்பதால் குழந்தைகள் உள்ள வீட்டில் நான் சொல்ல மாட்டேன். இந்த வரிசைக்குப் பின்னால், அடைத்து, இடைவெளி விடாமல்: கனகாம்பரம், டிசம்பர் பூ, துளசி, நித்யகல்யாணி, பச்சை மிளகாய், மணத்தக்காளி, ஒரு கத்தரி. தொட்டி விளிம்பில் பட்டு ரோஜாவும் கற்பூரவல்லியும் வழியட்டும். தொட்டிகள் ஒன்றை ஒன்று உரசி நிற்பது குறை அல்ல. ஒன்றின் நிழல் இன்னொன்றின் மண்ணைக் காயாமல் காக்கும். பூவும் காயும் தனித்தனி வரிசை என்ற பள்ளிக்கூட ஒழுங்கை விட்டுவிடுங்கள். தோட்டக்கலைத் துறை தந்த மாடித் தோட்டத் தொகுப்பிலும் எனக்கு இந்த மனத்தாங்கல் உண்டு. பை, நார்க்கழிவுக் கட்டி, வேப்பெண்ணெய், காய்கறி விதை எல்லாம் வைத்து 900 ரூபாய்த் தொகுப்பை 2021-22-ல் மானியம் போக 225 ரூபாய்க்குக் கொடுத்தார்கள். நல்ல காரியம். அதில் ஒரு பொட்டலம் பூ விதையும் போட்டிருந்தால் வண்டும் தேனீயும் வந்து காய்ப்பும் கூடியிருக்கும்.

கொடிகளுக்குப் பந்தல் தேவையில்லை. பழைய நைலான் வலை ஒரு பாகம் போதும். சுவரிலிருந்து சாணளவு தள்ளி, விறைப்பாகக் கட்டுங்கள். தொளதொளவென்று விட்டால் அணிலும் ஓணானும் மாட்டிக்கொள்ளும். சங்குப்பூ, பசலை, பக்கத்தில் அவரை. முல்லை வைக்கிறவர்கள் உப்புக் காற்று நேரடியாகப் படாத முற்றத்தில் வைக்கட்டும். குண்டுமல்லியைக் கார்த்திகைக் கடைசியில் முழங்கால் உயரத்துக்கு ஒட்ட வெட்டினால்தான் மாசி பங்குனியில் கொத்தாகப் பூக்கும். வெட்ட மனம் வராதவர்களுக்கு இலைதான் கிடைக்கும்.

பிறகு கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருக்கக் கற்க வேண்டும். காசித்தும்பைக் காயைத் தொட்டால் வெடிக்கும். காய்ந்த கனகாம்பரக் காயில் தண்ணீர் பட்டால் படபடவென்று தெறிக்கும். பள்ளிப் பிள்ளைகளுக்கு அது விளையாட்டு, செடிக்கு வம்ச விருத்தி. பக்கத்துத் தொட்டியிலும் திண்ணைப் படி இடுக்கிலும் தானாக முளைக்கிறதைக் களை என்று பிடுங்காமல், எது இருக்க வேண்டும் என்று ஒரு பருவம் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். கறிவேப்பிலையில் பச்சைப் புழு தெரிந்தாலும் உடனே மருந்து அடிக்க வேண்டாம். எலுமிச்சை இனச் செடிகளில் முட்டையிடும் பட்டாம்பூச்சிகளின் பிள்ளைகள் அவை. நாலு இலை போனால் போகட்டும். செம்பருத்தி நுனியில் மாவுப்பூச்சி வந்தால் மட்டும் தயவு வேண்டாம். நுனியை வெட்டி அப்புறப்படுத்திவிட்டு, வேப்பெண்ணெயைச் சோப்புத் தண்ணீரில் கலந்து அடியுங்கள்.

புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறியதும் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. தானே, நாடா, கஜா, நிவர் என்று பெயர் சொல்லிப் பழகிய கடற்கரைக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மாடித் தொட்டிகள் முதலில் கீழே இறங்க வேண்டும். உயரமான செடிகளைத் தொட்டியோடு படுக்கவைத்து, கடலுக்கு எதிர்ப்பக்கச் சுவரோடு ஒட்டி நெருக்கமாக அடுக்குங்கள். வலையை அவிழ்த்துச் சுருட்டிவிடுங்கள், காற்றைப் பிடித்துக் கொடியையும் ஆணியையும் சேர்த்துப் பிய்த்துவிடும். காற்று அடங்கியதும் நிமிர்த்தி, இலையையும் மண்ணையும் நல்ல தண்ணீரால் இரண்டு நாள் விடாமல் கழுவுங்கள். கருகியதைப் பார்த்துப் பிடுங்கி எறிய வேண்டாம். நகத்தால் தண்டைக் கீறிப் பாருங்கள். உள்ளே பச்சை இருந்தால் கிளையைப் பாதிக்கு வெட்டிவிட்டு உரம் எதுவும் போடாமல் விட்டுவிடுங்கள். கறிவேப்பிலைத் தண்டு முழுக்கக் காய்ந்திருந்தால்கூட மூன்று நான்கு வாரம் பொறுங்கள், வேரிலிருந்து பக்கக் கன்று வெடிக்கிற சாதி அது. இரண்டு மூன்று வந்தால் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை அடுத்த வீட்டுக்குக் கொடுக்கலாம்.